ஈரல் மட்டும் நன்றாக இருந்தது

ஏழுமலை, சலீம் பாய், எஸ்தர் டீச்சர், நம் குமரன், நான், அப்புறம் நீங்கள். அன்றைக்குத் தாம்பரம் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது இவ்வளவு பேர்தான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் தம்பி ஏழுமலை தண்ணீர்த் தொட்டி நிழலில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. தோல் கம்பெனியில் உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்த சலீம் பாய் படிக்கட்டுப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போன புடவையோடு, எனக்குத் துணையாகத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டு. குமரன் காலேஜில் கடைசி வருஷம். சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தான். நடுவில் நீங்கள், மாப்பிள்ளை மாதிரி.

எல்லார் பெயரையும் எழுதிவிட்டு உங்கள் பெயரை மட்டும் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் அதை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன். நீங்கள் போன பிறகும் சொன்னதில்லை. இன்றைக்கு மத்தியானம் வரை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இப்போது நான் மேடவாக்கத்தில் குமரன் ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். காலையில் மருமகள் சுகன்யா மிளகு இடித்துப் போட்டு ஆட்டு ஈரல் வறுத்தாள். வாசனை ஹாலுக்கு வந்தது. டிவியை அணைத்துவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து நான் அதை வாங்கவும் இல்லை, தொடவும் இல்லை. என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் குமரன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆபீசில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம்.

"பாரும்மா, லிவர் நார்மல். சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸ் வராங்க, பார்ட்டி."

நாலாவதோடு நின்றவள் நான். தமிழ் எழுதப் படிக்க வரும், அவ்வளவுதான். அந்த இங்கிலீஷ் காகிதம் எனக்கு என்ன புரியும். ஆனால் 'நார்மல்' என்கிற அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தானே நீங்கள் அன்றைக்கு விருந்து வைத்தீர்கள்.

உங்கள் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை அது. அதற்கு முன்னால் ஒரு மாதம் நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. குடித்தால் ஈரல் போய்விடும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். காகிதம் வந்தது. எஸ்தர் டீச்சர் படித்துப் பார்த்து, "ஈரல் நல்லா இருக்குங்க மேஸ்திரி. ஆனா இதை ஒரு சான்ஸா எடுத்துக்கிட்டு நிறுத்திடுங்களேன்" என்றார். முதல் பாதிதான் உங்கள் காதில் விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கறிக்கடையில் போய் நின்று ஈரலாகப் பார்த்து வாங்கி வந்தீர்கள். குடிக்கிறவனுக்கு ஈரல் தேயும், ஆட்டு ஈரல் தின்றால் தேய்ந்தது வளரும் என்று உங்கள் கூட்டத்தில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்களோ. வாரம் தவறாமல் நானும் வறுத்துப் போட்டேன்.

ஏழுமலை பை நிறைய பாட்டிலோடு வந்தார். படி ஏறும்போதே சத்தம்.

"இன்னா அண்ணி, இனிமேலாவது அண்ணன வுடு. டாக்டரே சொல்ட்டாரு, ஈரலு கல்லு மாதிரி கீதாம்."

குமரன் கையிலும் ஒரு டம்ளர் பீரைத் திணித்தார். பீர் குளுமை, உடம்புக்கு நல்லது, வெயிலுக்கு மோர் மாதிரி என்று விளக்கம் வேறு. குமரன் உங்களைப் பார்த்தான். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு அனுமதிச் சீட்டு. சலீம் பாய் மட்டும், "படிக்கிற பையன், வேணாம் ஏழுமலை" என்று சொல்லிப் பார்த்தார். அவர் குடிக்காதவர், அவர் பேச்சுக்கு அந்த இடத்தில் என்ன மதிப்பு.

அப்புறம் நீங்கள் ஒரு துண்டு ஈரலை வாயில் போட்டீர்கள். மென்றீர்கள். விழுங்கினீர்கள். அப்படியே எழுந்து நின்றுவிட்டீர்கள். கண் இரண்டும் சிவந்து, கை நெஞ்சைப் பிடித்தது. சலீம் பாய்தான் ஓடி வந்து முதுகில் தட்டினார். கைப்பிடிச் சுவர் ஓரம் போய்க் குனிந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது.

"இன்னாடி சமைச்சிக்கீற? ஈரல வேக வைக்கச் சொன்னா டயரு பண்ணி வெச்சிக்கீற."

எல்லாரும் சிரித்தார்கள். சலீம் பாய் சிரிக்கவில்லை. அவர் உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரி, இறங்காம நிக்குதுன்னா சும்மா வுடாத, காட்டிடு" என்றார். நீங்கள் ஒரு முழு டம்ளரை எடுத்து மடமடவென்று ஊற்றி, அடைத்ததைக் கழுவிவிட்டதாகச் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து என் சமையலுக்குக் கெட்ட காலம். சோறு விறைப்பு என்றீர்கள், குழைத்து வடித்தேன். சப்பாத்தி தோல் மாதிரி இருக்கிறது, இதற்குக் கம்பெனியிலேயே ரெண்டு துண்டு வெட்டிக்கொண்டு வந்து தின்பேன் என்றீர்கள். அதை நிறுத்திவிட்டு இட்லி போட்டேன். இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடிக்கிற நிலைக்கு வந்தபோதும், மாவு சரியில்லை, உளுந்து மட்டம் என்று சொல்லித் தட்டைத் தள்ளினீர்கள். ஏழுமலையிடமும் தெருவில் போகிற வருகிறவர்களிடமும் எனக்கு வயசாகிவிட்டது, கை வாகு போய்விட்டது என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். அரிசிக்கடையை மாற்றினேன், குக்கரை மாற்றினேன். மூன்று விசில் வைக்கிற இடத்தில் ஆறு வைத்தேன். சாப்பாடு உள்ளே போகிற வழி சுருங்கிக்கொண்டே வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தொண்டை அது. ஆனால் ஒன்று மட்டும் ஆஸ்பத்திரியில் படுக்கிற வரை தடையில்லாமல் இறங்கியது. அதற்கு மட்டும் விறைப்பு இல்லை, மாவு மட்டமில்லை.

தெருக்கோடி டாக்டரிடம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களோடு ஏழுமலை உள்ளே வந்தார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னீர்கள். நடுவில் ஒரு திரைச்சீலை. குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதும் என் காதில் விழுந்தது, நீங்கள் சொன்னதும் விழுந்தது.

"அதெல்லாம் கெடையாது சார். எப்பனா நல்லது கெட்டதுக்கு, அவ்ளோதான்."

நான் திரையை விலக்கி உள்ளே தலையை நீட்டி, தினமும் சார், வேலை விட்டு வந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் சார் என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் அசரவில்லை.

"அவளுக்கு நான் காப்பி குடிச்சாலே குடிதான் சார்."

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு சின்ன அறையில் சிரித்தால் அது எவ்வளவு பெரிய சத்தம் தெரியுமா? வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தீர்கள், மாதக் கணக்கில். முழுசாக விழுங்க முடியவில்லையே. வீடு திரும்புகிற வழியெல்லாம், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்னிடம் பேசவில்லை.

சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி உங்கள் மேல் தொங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு நம் குமரனைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று சொன்னார். நீங்கள் முதலில் கேட்டது, ஈரல் நல்லா இருந்துச்சே மேடம் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

"ஈரலுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க குடிச்சது எந்த வழியா போச்சு?"

அவரே சொன்னார். ஒவ்வொரு மடக்கும் வாயையும் தொண்டையையும் அந்தக் குழாயையும் தொட்டுக்கொண்டுதான் கீழே போகிறது. உடம்புக்குள் அது வேறொரு விஷமாக மாறுகிறது. அந்த விஷம் போகிற இடத்தையெல்லாம் புண்ணாக்குகிறது. உடம்பு அதைச் சரிசெய்ய முயலும்போதே அடுத்த மடக்கு வந்துவிடுகிறது. இப்படியே வருஷக் கணக்கில் போனால், ஒரு நாள் புதிதாக முளைக்கிற சதை தப்பாக முளைத்துவிடுகிறது. வாயில் வரலாம், குரல்வளையில் வரலாம், ஈரலில் வரலாம், பெருங்குடலில் வரலாம். குடிக்கும்போது சிகரெட்டும் பிடித்தீர்களே, இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. குடிக்கிற எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

ஏழுமலை விடவில்லை. அண்ணன் மட்டமான சரக்கைத் தொட்டதே இல்லை மேடம், நல்ல பிராந்திதான், வெயில் காலத்தில் பீர்தான் என்றார்.

"பாட்டில் என்ன விலைன்னு குழாய்க்குத் தெரியாது சார்" என்றார் அந்த அம்மா.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். குமரன் அன்றைக்கு வரவில்லை, அவனுக்கு வேலைக்கு இன்டர்வியூ. அதனால் அந்த அம்மா வாயால் வந்ததைக் கேட்டவர்கள் மூன்று பேர்தான். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். குரல் போய்க் காற்று மட்டும் மிஞ்சியது. வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு டியூபை வைத்து அனுப்பினார்கள். கஞ்சியை மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, அதன் வழியாக ஊற்றினேன். உப்பு போதுமா என்று கேட்க முடியாது. அன்றைக்குப் பிறகு என் சமையலைப் பற்றி நீங்கள் குறை சொல்லவே இல்லை. நாக்கைத் தொடாமல் போகிற சாப்பாட்டில் என்ன குறை சொல்ல முடியும்.

ஒரு நாள் ஏழுமலை வந்து, கதவோரம் நின்று மெல்லிய குரலில், "அண்ணன் ஆசப்படுது அண்ணி. கொஞ்சூண்டு அந்த டியூப்லயே வுடலாமா?" என்று கேட்டார். நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குமரன் பிறந்திருக்கிறான் என்று உங்களிடம் சொன்ன நாளில்கூட அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கையில் இருந்த கஞ்சிப் பாத்திரத்தோடு அவரை வாசல் வரை விரட்டினேன். அதற்காக அவரிடம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை.

குமரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சனி, ஞாயிறு என்றால் நண்பர்கள், பார்ட்டி. வாயில் ஏலக்காயோடு வீட்டுக்கு வருவான். ஏலக்காய் எதற்கு என்று உங்கள் பெண்டாட்டிக்குத் தெரியாதா? உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து நான் கேட்டேன். வாழ்நாளில் உங்களிடம் நான் கேட்ட ஒன்றே ஒன்று. புடவை கேட்டேனா, நகை கேட்டேனா? "நான் சொன்னா அவனுக்குப் புலம்பல். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இது குடிச்சு வந்ததுடா, நீ தொடாதேன்னு சொல்லுங்க. போதும்" என்றேன். நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனாகவே கேட்டான்.

"ஏம்ப்பா, இது எதனாலப்பா வந்துச்சு?"

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் அவனைப் பார்த்தீர்கள். இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"தோலு கம்பெனி கெமிக்கலுடா. அத்தினி வருசம் அந்தக் காத்து."

அவ்வளவுதான். அவன் குனிந்து உங்கள் கையில் முகத்தை வைத்து அழுதான். எங்கப்பா எங்களுக்காக உழைத்து உழைத்துச் சாகிறார் என்று அழுதான். நீங்கள் அவன் தலையைத் தடவினீர்கள். தியாகி ஆகிவிட்டீர்கள். வேலைக்குப் போன ஆரம்பத்தில், தோல் நாற்றம் மூக்கை விட்டுப் போக வேண்டும் என்றால் இது வேண்டும் என்று சொல்லித்தான் பாட்டிலைத் திறந்தீர்கள். முடிக்கும்போதும் பழியைத் தோல் மேலேயே போட்டீர்கள்.

நான் அப்புறம் சொல்லிப் பார்த்தேன். "அப்பாவே சொன்னாரும்மா, நீ சும்மா இரு" என்றான். சாகப் போகிறவர் வார்த்தைக்கு எதிராக நாலாம் வகுப்புக்காரி வார்த்தை எப்படி நிற்கும்?

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் நடந்தது. உங்களை எடுத்த அன்றைக்கு சலீம் பாய் மாலையோடு வந்தார். குமரன் வாசலிலேயே அவரை நிறுத்தினான். எங்கப்பாவை அந்தக் கம்பெனியில் கொண்டுபோய்த் தள்ளியது நீங்கள்தானே, இப்போது எந்த முகத்தோடு வந்தீர்கள் என்று கேட்டான். எல்லார் முன்னாலும். ஏழுமலை அங்கேதான் நின்றிருந்தார், டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டவர், வாயைத் திறக்கவில்லை. நான் கத்தினேன், பறைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சலீம் பாய் திரும்பித் தெருவைக் கடந்தார். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வாசலில் நின்று, வண்டி கிளம்புகிற வரைக்கும் மாலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். தொண்டையைக் காட்டிடு என்று உங்களிடம் சொன்ன ஒரே சிநேகிதன்.

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். தாடி முழுசும் வெளுத்துவிட்டது. குமரன் எப்படி இருக்கிறான், எங்கே வேலை, குழந்தை என்ன படிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. "தம்பிக்குச் சாப்பாடு நல்லா இறங்குதா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். சந்தைக்கு நடுவில், பழைய சாமான்களுக்கு மத்தியில் நின்று அழுதேன்.

இன்றைக்கு மத்தியானம் குமரன் சாப்பிட உட்கார்ந்தான். அவன் சாப்பிடும்போது நான் தட்டைப் பார்ப்பதில்லை, தொண்டையைத்தான் பார்ப்பேன். மேலேறி இறங்குகிறதா என்று. சுகன்யாவுக்கு இது பிடிக்காது. பயமாக இருக்கிறது அத்தை என்பாள். அவன் ஈரலைத் தட்டில் போட்டுக்கொண்டு, "அப்பாவுக்குப் பிடிச்ச ஐட்டம்" என்றான்.

நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

உங்கப்பா என்று இல்லை, மேஸ்திரி என்று இல்லை. பெயரைச் சொல்லி, அவர் குடித்துத்தான் செத்தார் என்றேன். குமரன் கை அப்படியே நின்றது. சுகன்யா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். இருபது வருஷம் கத்தியிருந்தாலும் அவன் அப்படித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

"சாகப் போறவர் எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

"நீ அவர குடிகாரன்னு நினைச்சிடக் கூடாதுன்னுதான். உன் உசுரவிட அது அவருக்குப் பெருசாப் போச்சு."

அந்தத் திரைச்சீலையைச் சொன்னேன். டாக்டரம்மாவைச் சொன்னேன். வேண்டுமென்றால் உன் சித்தப்பாவுக்கு இப்போதே போன் போட்டுக் கேள், அவரும் அங்கேதான் இருந்தார் என்றேன். அவன் போன் போடவில்லை. தட்டையும் தள்ளவில்லை. "சலீம் பாய் இன்னும் பல்லாவரத்துலதான் இருக்காரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து கை கழுவிக்கொண்டு அறைக்குள் போனான். கதவு சாத்தியிருக்கிறது. நண்பர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானா, இல்லை தூங்குகிறானா தெரியாது. பெல் அடித்தால் தெரியும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாமல்தான் பேத்தியின் பேனாவை எடுத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் தொண்டையைப் பார்க்கிற கண். கல்யாணப் பந்தியிலும் பார்க்கிறேன், பஸ்ஸில் வாழைப்பழம் தின்கிறவனையும் பார்க்கிறேன். ஒருத்தன் ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், எழுந்து போய் ஆஸ்பத்திரியில் காட்டினாயா என்று கேட்டுவிடுகிறேன்.

மற்றவர்களை ஒவ்வொருவராக எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். அந்தத் தெருக்கோடி டாக்டர் சிரித்தார்; நீங்கள் சிரிக்க வைத்தீர்கள், அவர் சிரித்தார். அவரை விட்டுவிட்டேன். ஏழுமலையை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். அவர் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான், அண்ணன் காட்டிய வழியில் போனவர். குமரன் சலீம் பாயை அவமானப்படுத்தினான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்ததோ அதைத்தான் அவன் நம்பினான். குடித்ததற்காகக்கூட நான் யாரையும் மன்னிக்காமல் இருக்கப் போவதில்லை. அது விடாது பிடிக்கிற சனியன், எனக்கும் தெரியும்.

ஆனால் பிள்ளை தன் கையைப் பிடித்துக்கொண்டு எதனாலப்பா என்று கேட்டபோது, பதில் தெரிந்து, அதைச் சொல்லக் காற்றும் இருந்து, சொல்லாமல் போன ஒரு மனுஷன் இருக்கிறார். நாளைக்கு அவன் தொண்டை தப்பித்தாலும் சரி, தப்பிக்காவிட்டாலும் சரி, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் தணிகாசலம்.